உடலிலிருந்து வெளிவந்தவை

இதனால் சகலருக்கும், குறிப்பாக உடம்புக்குள் எதையேனும் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: இம்மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஒருவரின் உடலிலிருந்து வெளிவரும் எதுவும், அது கல்லாயினும், தோட்டாவாயினும், விழுங்கிய மோதிரமாயினும், அவருக்கே உரியது. அதை வைத்துக்கொள்ளவோ, திறக்கவோ, பிறருக்குக் காட்டவோ எவருக்கும் அதிகாரம் இல்லை. உரியவரிடம் அதைக் கண்காணிப்பாளரே தம் திருக்கரத்தால் ஒப்படைப்பார். உரியவர் வர இயலாவிடில், கண்காணிப்பாளர் அவரைத் தேடிச் செல்வார்.

இந்தச் சுற்றறிக்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் எல்லா மாடியிலும் தொங்கியது. லிஃப்டுக்குள் தொங்கியது. கழிப்பறை வாசலில்கூடத் தொங்கியது. அதை முழுசாகப் படித்த ஆள் ஆஸ்பத்திரியிலேயே ஒருவர்தான். அவரும் எழுதியவர் என்பதால் படித்தவர்.

அது பிறந்த கதை இது. ஒரு மரக்கடைக்காரரின் பித்தப்பையிலிருந்து எடுத்த கல், பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று, ஒரு பயிற்சி டாக்டர் அதைத் தன் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார். மரக்கடைக்காரரின் மனைவி வார்டே அதிரும்படி நியாயம் கேட்டார். “அவரு வயித்துல வளர்ந்தது தம்பி அது. நான் போட்ட சோத்துல வளர்ந்தது. குடுக்குறியா இல்லையா?” அறுவை செய்த கண்காணிப்பாளர் ஓடி வந்தார், கேட்டார், அந்த அம்மாளின் வாதத்தில் சொக்கிப்போனார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வரும்போது கையில் சுற்றறிக்கை இருந்தது. முகத்தில் தலைச்சன் பிள்ளை பெற்ற களை இருந்தது.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் யார் உடம்பிலிருந்து எது வந்தாலும் பஞ்சில் சுற்றி, சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, கண்காணிப்பாளர் அறையின் கண்ணாடி அலமாரிக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டிலில் பெயர் கிடையாது, பெரிய எழுத்தில் டோக்கன் எண் மட்டும். பெரிய எழுத்துக்குக் காரணம், கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடி போடமாட்டார். போட்டால் வயதாகிவிட்டதாக நோயாளிகள் நினைப்பார்களாம். வாரம் ஒரு நாள் காலையில் உரியவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் ஒவ்வொரு பாட்டிலையும் காதருகே குலுக்கி, உள்ளே இருப்பது எந்த ஜாதிக் கல் என்று சொல்லி, ஒரு சொற்பொழிவும் ஆற்றி, பொன்னாடை போர்த்தாத குறையாகக் கையில் கொடுப்பார். நர்சுகள் அவருக்குக் ‘கல் வள்ளல்’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அவரிடம் இன்னொரு விசேஷமும் உண்டு. எதிராளி பேசும்போது அவர் காது கேட்காது. காதில் கோளாறு ஒன்றுமில்லை. அடுத்து தாம் என்ன பேசலாம் என்ற யோசனையில் இருப்பார்.

கல் வள்ளல் என்ற பட்டத்தை முதலில் சொன்னது இரண்டாம் மாடிக் குரல் அறை டீச்சர். இந்தக் கதையும் அவருடையதுதான்.

டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல, டாக்டரும் அல்ல. அவர் டாக்டர் அல்ல என்பதை டாக்டர்கள் அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள். கெட்டுப்போன குரலைத் திருத்துவது, போன குரலை அழைத்து வருவது, இல்லாத குரலை உண்டாக்குவது, இதுதான் வேலை. அறைச் சுவர் முழுக்க, சத்தம் வெளியே போகாமலிருக்க, முட்டை அட்டைகள். ஒரு கண்ணாடி, ஒரு மேசை, தண்ணீர் டம்ளர்கள், ஸ்ட்ரா. வந்தவர் எவராயினும் முதலில் ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் விட்டு, ‘ம்ம்ம்’ என்று ஊதிக் குமிழி விட வேண்டும். கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த வாத்தியார்கள் குமிழி விட்டார்கள். பஸ் கண்டக்டர்கள், ஏலம் போடுபவர்கள் விட்டார்கள். ஒரு தேர்தல் முடிந்த கையோடு ஓர் அமைச்சர் வந்து, பக்கத்தில் இருந்த கண்டக்டருக்குப் போட்டியாகக் குமிழி விட்டுத் தோற்றார். திருநங்கைகளும் திருநம்பிகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தமக்குள் இருந்தும் ஒருநாளும் வெளியே வராத குரலுக்காக, அதே டம்ளரில் ஊதினார்கள்.

முதல் நாள் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, ஒரு பத்தி வாசிக்க வேண்டும். டீச்சர் பதிவு செய்துகொள்வார். சிகிச்சை முடியும் நாளில் மறுபடி பெயர், மறுபடி அதே பத்தி. அறை திறந்த அன்று வாசிக்கக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாததால், சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் குறிப்பைக் காட்டினார். அதுவே வழக்கமாகிவிட்டது. ‘ஊசியை இழுக்கவும். குழாயைத் தீயின் அடியை நோக்கிப் பிடிக்கவும். பதறாமல் அழுத்தவும்.’ ஒரு நோயாளிக்கு ஒரு மெமரி கார்டு. முதல் குரலும் கடைசிக் குரலும் விரல் நகத்தளவு கறுப்புச் சில்லு ஒன்றுக்குள் அடுத்தடுத்துக் குடியிருந்தன.

மற்றபடி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவர்களைப் பற்றி அதிகம் இல்லை. அதைச் செய்து கொடுத்தவர்கள் குரல் அறைக்கென்று ஒரே ஒரு நோயைத்தான் ஏற்றியிருந்தார்கள்: குரல் சோர்வு. இன்னும் சில சேர்க்கும்படி டீச்சர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். ஆகவே அமைச்சருக்கும் குரல் சோர்வு, கண்டக்டருக்கும் குரல் சோர்வு, பிறந்ததிலிருந்து தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தவளுக்கும் குரல் சோர்வு.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் ஸ்டேஷன்காரி. வந்தபோது அவளுக்கு வேலை இல்லை. வேறு ஊரில் விஷயம் தெரிந்து வேலையும் போய், குடியிருந்த வீடும் போய், யாருக்கும் தன்னைத் தெரியாத ஊர் என்பதற்காகவே இந்த ஊரில் வந்து இறங்கியவள். அந்தத் தெரியாமைதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. முதல் நாள் பழைய பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அதுதான் இருந்தது. குரல், பின்வாசல் வழியாக ஓடப் பார்க்கும் திருடனைப் போல இருந்தது. அப்புறம் பல மாதம் குமிழி. ஒரு நாள் மத்தியானம் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னிக்குப் போதும்க்கா” என்றாள். சாதாரணமாகச் சொன்ன சொல்தான். ஆனால் அது வேறிடத்திலிருந்து வந்தது. நிழலில் இருந்த கிணற்றில் வெயில் விழுந்தால் தண்ணீர் திடீரென்று அடிவரை தெரியுமே, அப்படி. டீச்சர் கையிலிருந்த பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். அவளும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். எத்தனையோ தொண்டைகளைப் பார்த்தவர் டீச்சர்; எதற்கும் லேசில் வாய் பிளக்காதவர். அன்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இது நான் செய்ததல்ல, உள்ளேயே இருந்தது, கதவைத்தான் நான் தட்டினேன் என்று மட்டும் தோன்றியது.

அந்தக் குரல்தான் இப்போது ரயில் நிலையத்தில் வண்டிகளை அறிவிக்கிறது. ஊரே அவள் சொன்னால் கேட்டது. பெண்டாட்டி சொல்லை ஆயுளில் கேட்டறியாத ஆண்கள், அவள் ஒரு முறை சொன்னதும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

அப்போதுதான் சட்டம் வந்தது. அதன் பெயர் முழுவதையும் சொல்லி முடிக்க ஒரு வாய்த் தண்ணீர் வேண்டும். சுருக்கமாக வெளிப்படைச் சட்டம் என்றார்கள். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் ஆவதற்கு மருந்தோ, கத்தியோ, பயிற்சியோ பெற்றவர் யார் யார் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் வசமுள்ள ஆதாரங்களை ஒப்படைக்க வேண்டும். அரசு அவரவர் வேலை செய்யும் இடத்துக்குத் தெரிவிக்கும். எதற்காக என்று கேட்டதற்கு, வெளிப்படைத்தன்மைக்காக என்று பதில் வந்தது. அழிப்பது குற்றம், மறைப்பது குற்றம், தாமதிப்பது சிறிய குற்றம்.

மறுநாளே ஸ்டேஷன்காரி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே கேட்டாள்.

“அக்கா, என் பழைய சத்தம் உங்ககிட்ட இருக்குல்ல?”

“இருக்கு.”

“பேரோட?”

“பேரோடதான்.”

அவள் உட்கார்ந்தாள். அழுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அவள், ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னாள். போட்டார். பயந்து, ஒடுங்கி, ஊசியை இழுக்கச் சொன்னது அந்தக் குரல். பதறாமல் அழுத்தச் சொல்லும்போது பதறியது. அடுத்த வீட்டுக் குழந்தை அழுவதைக் கேட்பவளைப் போல அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“பாவம், எவ்வளவு பயந்து போயிருக்கு இந்தப் புள்ள. அன்னிக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தீங்களாக்கா?”

“குடுத்தேன். ஸ்ட்ரா போட்டு.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. இன்னொரு ஊருக்குப் போகத் தன்னிடம் தெம்பில்லை என்று அவள் சொன்னாள். போன தடவை பெட்டி தூக்கின கை இன்னும் வலிக்கிறது என்றாள். உங்களுக்கு எதுவும் ஆகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றும் சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

என்ன செய்வது? அழித்தால் ஜெயில். வீட்டுக்கு எடுத்துப் போகலாமென்றால், போர்வைகளும் கத்தரிக்கோல்களும் காணாமல் போன நாளிலிருந்து வாசல் காவலர் ஊழியர், நோயாளி என்று பாராமல் எல்லோர் பையையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துத்தான் விடுவார். கண்காணிப்பாளரின் அரக்கு முத்திரை இல்லாமல் ஒரு குண்டூசி வெளியே போகாது. வீட்டில் டீச்சரின் கணவர் யோசனை சொன்னார்: முழுங்கிவிட்டால் என்ன? அவர் எப்போதும் இப்படித்தான், உருப்படாத யோசனை எதுவானாலும் முதலில் அவர் வாயில்தான் வரும். சோற்றைப் போட்டுக்கொண்டு போய் வேலையைப் பாரும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஆனால் மறுநாள் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனது. அது அடிக்கடி நிற்கும். உள்ளே டீச்சர் மட்டும். பார்ப்பதற்கு எதிரே இருந்தது சுற்றறிக்கை மட்டும். வேறு வழியில்லாமல், சுற்றறிக்கை பிறந்த நாளிலிருந்து எவரும் செய்யாத காரியத்தைச் செய்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். ‘உடலிலிருந்து வெளிவரும் எதுவும்.’ கணவர் சொன்ன முழுங்கல் ஞாபகம் வந்தது. வயிற்றுக்குள் போவதும் வருவதும் மட்டும்தானா உடம்பு? குரல் எங்கிருந்து வருகிறது, கூரையிலிருந்தா? லிஃப்ட் அசைந்து மேலே ஏறியது. டீச்சர் இறங்கவில்லை. கண்காணிப்பாளரின் மாடிக்கே போனார்.

அவர் ஒரு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார்: ஐயாவுடைய சுற்றறிக்கைப்படி, குரல் அறையில் நோயாளிகளிடமிருந்து வெளியே வந்ததையெல்லாம் அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட விரும்புகிறேன், என் வசம் எதுவும் வேண்டாம். சுற்றறிக்கை என்ற சொல்லுக்கு அப்புறம் அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

“படிச்சீங்களா? முழுசா?”

“கடைசி வரி வரைக்கும் ஐயா.”

“அனுப்புங்க. எல்லாத்தையும் அனுப்புங்க. ஆனா என் கையாலதான் குடுப்பேன்.”

டீச்சர் ஒருவரையும் விடவில்லை. வாத்தியார்கள், கண்டக்டர்கள், ஏலக்காரர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், எல்லோருடைய குரலும் பஞ்சில் சுற்றப்பட்டுப் பாட்டிலில் இறங்கி, அரக்கு பூசிக்கொண்டு அலமாரிக்குப் போனது. உரியவர்கள் டோக்கனோடு வந்து, பித்தப்பைக்காரர்களுக்கும் சிறுநீரகக்காரர்களுக்கும் நடுவே வரிசையில் நின்றார்கள்.

முதல் வாரம் டீச்சர் பயந்துகொண்டே கதவோரம் நின்று பார்த்தார். லாரி ஓட்டும் திருநம்பி ஒருவன் முறை வந்தது. கண்காணிப்பாளர் பாட்டிலைக் காதருகே குலுக்கினார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவன் தோளில் கை வைத்தார்.

“எத்தனை வருஷம் இத உள்ள வச்சு சுமந்திருப்பீங்க. வெளிய சொல்லவும் முடிஞ்சிருக்காது. வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலைக்குப் போயிருப்பீங்க. எடுத்தாச்சு. இனிமே இது உங்கள ஆட்டி வைக்காது, இதுக்கு நீங்கதான் முதலாளி.”

மலை போன்ற அந்த லாரிக்காரன் வாசலைத் தாண்டியதும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். எந்த டாக்டரும் தன்னிடம் இப்படிப் பேசியதில்லை என்று டீச்சரிடம் சொன்னான். டீச்சர் திரும்பிக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். இந்த மனிதர் தெரிந்துதான் பேசுகிறாரா? தெரியாமல் இப்படிப் பேச முடியுமா? இத்தனை வருஷம் கல் வள்ளல், கல் வள்ளல் என்று கேலி செய்தோமே, கல்லுக்குள் ஈரம் என்பது இதுதானா? அடுத்த வாரம் ஒரு திருநங்கைக்கும் அதே சொற்கள், அதே தோள்தட்டல், அதே கண்ணீர். டீச்சர் நர்சுகளைக் கூப்பிட்டு, இனி யாரும் அந்தப் பட்டத்தைச் சொல்லக் கூடாது என்று கண்டித்தார். நர்சுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அலமாரியில் குரல் அறைப் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஸ்டேஷன்காரியுடையது. ஒப்படைக்கும் காலை நேரத்தில்தான் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மைக்கை விட்டு அவளால் நகர முடியவில்லை. அடுத்த வாரம் எப்படியும் லீவு போட்டு வருகிறேன் என்றிருந்தாள்.

அடுத்த வாரத்துக்குமுன் வெளிப்படை அதிகாரி வந்துவிட்டார். நம்பர் பூட்டுப் போட்ட பெட்டியோடு வந்தார். பெயர் கேட்டதற்குப் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சொல்ல இயலாது என்றார். குரல் அறைக்குள் நுழைந்து, கேட்காமலே கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். குரல் சோர்வு, குரல் சோர்வு, குரல் சோர்வு என்று அது ஓடிக்கொண்டே போனது. ஊரில் பாதிப் பேருக்குக் குரல் சோர்வு. ஓரிடத்தில் அவர் விரல் நின்றது; தம் துறை அமைச்சரின் பெயரைப் பார்த்துவிட்டார். கம்ப்யூட்டரை மெதுவாகப் பழைய பக்கமே திருப்பி வைத்தார்.

“பதிவு பண்ற கார்டெல்லாம் எங்கம்மா?”

“உரியவங்ககிட்ட குடுத்தாச்சு சார்.”

“யாரைக் கேட்டு?”

டீச்சர் வாசலுக்கு வெளியே வராந்தாச் சுவரைக் காட்டினார். அதிகாரி சுற்றறிக்கையைப் படித்தார். அதை முழுசாகப் படித்த மூன்றாம் ஆள் அவர்தான். படித்து முடித்தவர் கண்காணிப்பாளர் அறையை நோக்கி நடந்தார். டீச்சர் பின்னாலேயே ஓடினார்.  அந்த ஒரு பாட்டில் அங்கேதான் இருந்தது, கண்ணாடிக்குப் பின்னால், பித்தப்பைக் கற்களோடு, உலகம் பார்க்க.

அதிகாரி நேராக அலமாரியிடம் போனார். சட்டத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். அது நீளமானதென்று முன்பே சொன்னோம். கண்காணிப்பாளர் வழக்கம்போல அந்த நேரத்தில் தாம் பேசப்போவதை யோசித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது அதிகாரியின் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

“இந்த பாட்டிலையெல்லாம் திறங்க.”

கண்காணிப்பாளர் எழுந்தார். அவர் குள்ளம், எழுந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அன்று தெரிந்தது. அலமாரிக்கும் அதிகாரிக்கும் நடுவில் போய் நின்றார்.

“முடியாது தம்பி.”

அரசாங்க உத்தரவு என்றார் அதிகாரி. ஜெயிலுக்குப் போக நேரிடும் என்றார்.

“நான் ஆயுசு பூரா மனுஷங்களத் திறந்து பார்த்தவன்” என்றார் கண்காணிப்பாளர். குரலில் வழக்கமான மேடை ஏற்றம் இல்லை. “உள்ள என்ன இருந்துச்சுன்னு என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. மயக்கத்துல கிடக்குறவங்களுக்குத் தடுக்கக் கை கிடையாது, வேணாம்னு சொல்ல வாய் கிடையாது. அவங்களுக்கு அப்ப இருக்குற ஒரே கதவு என் வாய்தான். அத நான் சாத்தி வச்சிருக்கேன்னு நம்பித்தான் படுக்குறாங்க. இன்னிக்கு நீங்க சொன்னீங்கன்னு ஒண்ணத் திறந்தா, நாளைக்கு எவன் வந்து என் மேசையில படுப்பான்? வலியோட வீட்டுலயே கிடந்து சாவான். உங்க சட்டம் வரும், போகும். ஒருத்தரோட உள்ளுக்குள்ள இருந்து வந்தது அவங்களோடது. காட்டணும்னா அவங்க காட்டட்டும். நீங்க கேட்கவும் கூடாது, நான் காட்டவும் கூடாது.”

 வாசலில் கூடிய நர்சுகளில் ஒருத்தி கையிலிருந்த ட்ரேயைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். டீச்சருக்குக் குரல்களைப் பற்றித் தெரியும். பொய்க்குரல், பயந்த குரல், மேடைக்குரல் எல்லாம் கேட்டவுடனே தெரியும். இது அவற்றில் எதுவும் அல்ல. அடிவயிற்றிலிருந்து, ஒரு தடங்கலும் இல்லாமல், முழு மனதோடு வந்த குரல். இப்படியொரு குரல் இந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை நாள் எங்கே இருந்தது?

அதிகாரி பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு வேளை அவரும் எப்போதோ யாருடைய மேசையிலோ படுத்திருக்கலாம். அல்லது அமைச்சரின் குரல் சோர்வு ஞாபகம் வந்திருக்கலாம். ஒவ்வொரு பாட்டிலுக்கும் கோர்ட்டு உத்தரவோடு வருவதாகச் சொன்னார்.

“வாங்க. ஆனா உரியவரு கூட இருக்கணும். ஆபரேஷன் தியேட்டர்லதான் திறப்பேன். நீங்களும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரணும்.”

அதிகாரி போனதும் டீச்சர் பேச வாயெடுத்தார். கண்காணிப்பாளர் அதற்குள் அலமாரியைத் திறந்து அந்த ஒற்றைப் பாட்டிலை எடுத்து, எண்ணைக் கைநீட்டித் தள்ளி வைத்துப் படித்துவிட்டு, இது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டார். வேலையை விட்டு வர முடியவில்லை என்று டீச்சர் சொன்னார்.

“அப்ப நாம போகணும். கடைசி வரி என்ன சொல்லுது?”

வெள்ளைக் கோட்டோடே கிளம்பினார். வாசல் காவலர் முத்திரையைப் பார்த்து சல்யூட் அடித்தார். ஆஸ்பத்திரி வண்டியில் போகும்போது டீச்சர் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கனமே இல்லை.

ரயில் நிலையத்தில் கூட்டம். முதல் பிளாட்பாரத்தில், பெட்டியைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, வெளிப்படை அதிகாரி நின்றிருந்தார். டீச்சர் பாட்டிலைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். கண்காணிப்பாளர் அவரைக் கவனிக்கவில்லை. அடுத்து பேசப்போவதை யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிரே யானையே நின்றிருந்தாலும் அவருக்குத் தெரியாது. நேராக அறிவிப்பு அறைக் கதவைத் தட்டினார். ஸ்டேஷன்காரி வெளியே வந்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. பிறகு டீச்சரைப் பார்த்தாள், பிறகு மடக்கிய கையிலிருந்து டோக்கனை எடுத்தாள். எந்நேரமும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது.

அவர் எண்களைச் சரிபார்த்தார். டீச்சரிடமிருந்து பாட்டிலை வாங்கினார், காதருகே குலுக்கினார். அவளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.

“இத உள்ள வச்சுக்கிட்டு ரொம்ப நாள் தூங்காம கிடந்திருப்பீங்கம்மா. வச்சுக்கணும்னா வச்சுக்குங்க, தூக்கி எறியணும்னா எறியுங்க. யாரும் கேட்க மாட்டாங்க. கேட்டா என்னைக் கேட்கச் சொல்லுங்க.”

அவள் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள்; சிக்னல் விழுந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அவள் பாட்டிலை மைக்குக்குப் பக்கத்தில் வைத்ததை டீச்சர் பார்த்தார். பழைய குரல் பஞ்சுக்குள் படுத்திருக்க, புதிய குரல் எழுந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

கூரைத் தகரம் முதல் தண்டவாளம் வரை அந்தக் குரல் நிறைந்தது. பெட்டி தூக்குபவர் நின்றார். சண்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் வாயை மூடினார்கள். மழை வரும்முன் காற்று தணியுமே, அப்படி நிலையம் முழுவதும் ஒரு கணம் தணிந்தது. முதலாம் பிளாட்பாரத்துக்கு வண்டி வந்துகொண்டிருக்கிறது, பயணிகள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும் என்றாள் அவள். அவ்வளவுதான் செய்தி. எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். வெளிப்படை அதிகாரி குனிந்து கோட்டைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நல்ல பிள்ளையாக, இரண்டடி பின்னால் போனார். அவர் முகத்தில்கூட ஒரு சாந்தம் தெரிந்தது.

டீச்சருக்குக் கண் மறைத்தது. வண்டி வந்து நின்றதும், அதிகாரி ஏறியதும், அது கிளம்பிப் போனதும் கலங்கலாகவே தெரிந்தன. பக்கத்தில் குள்ளமாக, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தார். இவரைப் போய் நாம் என்னவெல்லாம் சொன்னோம். காலில் விழுந்தால்கூடத் தகும் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றே முடிவு செய்து, எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவரே டீச்சரின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார்.

“அந்தப் பொண்ணுகிட்ட நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க டீச்சர். குலுக்கிப் பார்த்தேன், சதுரக் கல்லு. அது திரும்ப வரும்.”